செல்லோடேப்பில் ஒட்டிய கம்பெனி

"உங்க வீட்டுல யாருக்காவது கரண்ட் அக்கவுண்ட் இருந்திருக்காம்மா?"

சடகோபன் சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருந்த எங்கள் வங்கிக் கிளைக்கு அவர்தான் மேலாளர். அங்கே சேவிங்ஸ் கவுண்டரில் எட்டு மாதம் உட்கார்ந்துவிட்டு, கரண்ட் அக்கவுண்ட் மேசைக்கு மாற்றச் சொல்லி அவருடைய கண்ணாடி அறைக்குப் போயிருந்தேன். வியாபாரத்துக்கான கணக்குகளைத் திறக்கிற மேசை அது.

"இல்ல சார். சேவிங்ஸ் அக்கவுண்டே எங்க வீட்டுல நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன்."

"அதனாலதான் கேக்கறேன். அங்க வர்றவங்க எல்லாம் வியாபாரிங்க. அவங்க பேச்சே வேற மாதிரி இருக்கும். உனக்குப் பழக்கம் இருக்காது."

என் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நான் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே வியாபாரிகள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் பரிதாபமாகத் தலையாட்டுவாரோ என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். "ஒரு மாசம் போட்டுப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னேன். ஏழு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். முப்பத்தொரு வயதில் விட்டதால் கிளையில் எல்லோரும் என்னை 'ரிட்டயர்டு அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். என் நாற்காலியில் இப்போது வினோதினி இருக்கிறாள். போன வாரம் அவள் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு சின்ன கேம் கம்பெனி வந்திருக்கு. நாலு பேர்தான். எந்த அக்கவுண்ட் போடறதுன்னு தெரியல. நீங்க ஒண்ணு பண்ணீங்களாமே, அதுல ஏதோ பெரிய பிரச்சினையாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஆளுக்கு ஒரு கதை."

போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. "எழுதி அனுப்பறேன்" என்றேன். அதுதான் இது. ஆளுக்கு ஒரு கதை சொல்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வாரம் குளிரூட்டிய அறையில் கணக்கு வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். விலையுயர்ந்த உலோகங்களின் பெயரில் ஐந்து வகை. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதச் சராசரியாக இவ்வளவு இருப்பு வைக்க வேண்டும், குறைந்தால் அபராதம். எந்த வகையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டதற்குப் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "யாரு வாங்குவாங்களோ அவங்களுக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உண்மையான பயிற்சி சடகோபன் சாரிடம்தான் கிடைத்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில், அதன் முனையில் தொப்பி மாதிரி செருகிய ரப்பர். எந்தத் தாளிலும் முதலில் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் கழித்து அதன் மேலேயே பேனாவால் போடுவார். விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் ஒழுங்கா எழுதுவாங்கம்மா. களைச்சுப் போய் எழுதற பக்கத்தைப் பாரு" என்பார். பிடிக்காததைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை எதிரில் இருப்பவர் பேசக் கூடாது. மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் அவர் அறைக்கு வெளியே வட்டமாக நிற்போம். அன்றைக்குத் திறந்த கணக்கின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எண் மட்டும்தான், காரணம் சொல்லக் கூடாது. நான் 'பூஜ்யம்' என்று சொன்ன நாட்களில் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். அதற்குத் திட்டே தேவலை.

அந்த மேசையின் வேலை முறையில் ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பிரச்சினையும் அங்கிருந்துதான் வந்தது.

கரண்ட் அக்கவுண்ட் திறக்கக் கம்பெனியின் பான் கார்டு, பதிவுச் சான்று, கணக்குத் திறக்க இயக்குநர்கள் போட்ட தீர்மானத்தின் நகல், இயக்குநர்களின் அடையாளம் எல்லாம் வேண்டும். அவை மேசைக்கு வந்துவிடும். ஆனால் வியாபாரம் நடக்கிற இடத்துக்கு நாம் நேரில் போய், பெயர்ப்பலகையோடு போட்டோ எடுத்து ஃபைலில் சேர்க்க வேண்டும். திருமுடிவாக்கம் பட்டறைகளில் இதில் சிக்கலே இல்லை. கதவைவிடப் பெரிய போர்டு இருக்கும், போர்டுக்குக் கீழே முதலாளி நிற்பார். வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிறவர்களிடம்தான் போர்டு இருக்காது. வீட்டுக்காரர் விடமாட்டார். போர்டு வைத்தால் ஈ.பி. காரர் வீட்டுக் கட்டணத்தைக் கடைக் கட்டணமாக மாற்றிவிடுவார், மாநகராட்சி வரியை ஏற்றிவிடும் என்று பயம்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. எங்களிடம் என்றால், அந்த ரோட்டில் இருந்த எல்லா வங்கியிலும். கம்பெனி பெயரை ஏ ஃபோர் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பையில் செல்லோடேப்போடு எடுத்துப் போவோம். கேட்டில் ஒட்டி, போட்டோ எடுத்து, வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் கிழித்துவிடுவோம். ஒரு நிமிட வேலை. சடகோபன் சாருக்குத் தெரியும், தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். போட்டோவில் தாளின் ஓரம் சுருண்டிருந்தால், "நல்லா ஒட்டக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்பார்கள். ஏழு வருடத்தில் எத்தனை கேட்டில் ஒட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. அப்போதெல்லாம் தப்பு என்று தோன்றியதே இல்லை. வேகமாக ஒட்டுவதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

தினேஷும் அஃப்ரினும் வந்தது ஒரு மாதக் கடைசியில். என் இலக்குக்கு ஒரு கணக்கு குறைந்திருந்த நேரம். குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் புரோகிராம் எழுதுவான், அவள் படம் வரைவாள். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்துகொண்டு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தார்கள். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஆட்டம். ஆட்களை ஏற்ற வேண்டும், சிக்னலைத் தாண்ட வேண்டும், 'ஒரே ஆளு, ஒரே ஆளு' என்று கத்திக்கொண்டே நாலு பேரை ஏற்ற வேண்டும். அஃப்ரின் போனில் காட்டினாள். நான் இரண்டு தடவை ஆடி இரண்டு தடவையும் மேம்பாலத் தூணில் மோதினேன்.

"அக்கா, ஓட்டறது கூட ஓகே. நீங்க எந்த ஆளையுமே ஏத்தலையே?" என்றாள்.

"ஏத்தினா நிறுத்தணுமில்ல?"

"நிறுத்தாம போறதுக்கு அது என்ன எக்ஸ்பிரஸ் ரயிலா?"

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர்களுக்கு இரண்டாவது பெரிய வகைக் கணக்கை எழுதினேன். "செக் புக் இலவசம், தனி அதிகாரி உண்டு, மரியாதையா இருக்கும்" என்றேன். படிவம் கேட்ட எல்லாவற்றையும் கேட்டேன். ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பணம் எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: பல மாதம் ஒன்றும் வராது, பிறகு வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஒரு தொகை வரும் என்று. அப்படிப்பட்டவர்களுக்குச் சராசரி இருப்பு கேட்கிற கணக்கைக் கொடுக்கவே கூடாது. அதோடு வெளிநாட்டுப் பணத்தைப் பார்க்கிற பிரிவு எங்கள் வங்கியில் மும்பையில்தான் இருந்தது. கிளையில் யாருக்கும் அதில் அதிகாரம் கிடையாது.

மறுநாள் அஸ்தினாபுரம் போனேன். வீட்டுக்காரர் தூங்குகிற மத்தியான நேரம் பார்த்துக் கேட்டில் தாளை ஒட்டினேன். தினேஷும் அஃப்ரினும் இரண்டு பக்கமும் நின்றார்கள். போட்டோ அழகாக விழுந்தது. தாளைக் கிழித்து அஃப்ரினிடம் கொடுத்தேன். "எங்க கம்பெனியோட முதல் போர்டு" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கிளை திறப்பதற்கு முன்பே தினேஷ் போன் செய்தான்.

"அக்கா, பணம் வந்திடுச்சு. ஆனா எடுக்க முடியல."

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவர்கள் ஆட்டத்தை வெளியிட ஒப்புக்கொண்டு முதல் தவணையை அனுப்பியிருந்தது. கணினியில் பார்த்தேன். பணம் உள்ளே இருந்தது. அதற்கு மேல் சிவப்பில் ஒரு வரி: முடக்கம். விளையாட்டு என்றாலே பணம் வைத்து ஆடுகிற ஆட்டமோ என்று எங்கள் தலைமையகம் பயந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டுப் பணம் வந்ததும், எங்களுக்குச் சொல்லாமல் ஒரு சரிபார்ப்பு ஆளை அஸ்தினாபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் அறிக்கை மூன்று வரி. பெயர்ப்பலகை இல்லை. மாடி பூட்டியிருந்தது. இந்த முகவரியில் அப்படி ஒரு கம்பெனியே கிடையாது என்று வீட்டு உரிமையாளர் சொன்னார்.

பத்தரைக்கு இருவரும் கிளையில் நின்றார்கள். அஃப்ரின் அன்று சிரிக்கவில்லை. "அக்கா, ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனி எனக்கு வேலை குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ஒரு வருஷமா நான் வீட்டுக்கு ஒரு ரூபா குடுக்கல. முதல் தவணை வந்து சம்பளம் எடுத்துட்டா வேலைக்குப் போக மாட்டேன், இல்லன்னா போயிடறேன்னு அப்பாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"அவ போயிட்டா கேம் இல்லக்கா" என்றான் தினேஷ். "நான் வரைஞ்சா ஆட்டோ சோப்பு டப்பா மாதிரி இருக்கும்."

வெள்ளிக்கிழமை. நான்கு நாள் இருந்தது.

அன்று முழுக்க என்னால் உட்கார முடியவில்லை. மும்பைக்கு போன் செய்தால் ஒரு எண்ணைக் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் இன்னொரு எண் வந்தது. பாத்ரூமுக்குப் போகிற வழியில்கூட போனைப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்தேன். மாலை வட்டத்தில் என் முறை வந்தபோது எண்ணைச் சொல்ல மறந்து, "மும்பை இன்னும் பதில் போடல சார்" என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சடகோபன் சார் பென்சிலைக் காதில் செருகினார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். ஏகாம்பரம் என்று பெயர். அந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது விவசாயம் செய்த குடும்பம். இப்போது அதே தெருவில் நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியா? எங்க கீது கம்பெனி? ரெண்டு பசங்க கம்ப்யூட்டர்ல பொம்ம வரஞ்சிகினு கீறாங்க. அத்தப் போய் கம்பெனின்றியே!"

"அந்தப் பொம்மைக்குத்தான் ஐயா பணம் வருது. பேங்க்ல இருந்து வந்தவர்கிட்ட இங்க யாரும் இல்லன்னு சொன்னீங்களா?"

"பேங்க்காரனா அவன்? கைல ஃபைலு வச்சிகினு, வந்ததும் வராததுமா மீட்டர் பொட்டியப் போட்டோ புடிக்கறான். ஈ.பி. காரன்னு நெனச்சிகினேன். நான் இன்னா சொல்லுவேன்? 'மேல குடும்பம் கீது சார்'ன்னேன்."

"வீட்டு நம்பர் மீட்டர் பெட்டி மேல எழுதியிருக்கு. அதைத்தான் எடுத்திருப்பார்."

"அத்த அவன் சொல்லணுமில்ல?" தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "இப்ப இன்னான்ற?"

"ஒரு போர்டு வைக்கணும். நிஜ போர்டு."

"ஆவாது."

"மேல தனி மீட்டர்தானே? ரேட்டு மாறினா வித்தியாசத்தை அவங்களே கட்டுவாங்க. எழுதித் தருவாங்க."

"எழுதிக் குடுப்பாங்க. நாளைக்கு காலி பண்ணிகினு போய்டுவாங்க. அப்பறம் நான் அந்த மீட்டர வீட்டு ரேட்டுக்கு மாத்த ஆபீஸ் ஆபீஸா அலையணும். பேஜார்மா."

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "ஐயா, உங்க வீட்டு முகவரியில இல்லாத கம்பெனிக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வந்திருக்குன்னு இப்ப ரிப்போர்ட் போயிருக்கு. இல்லன்னு சொன்னது உங்க பேர்ல இருக்கு. அடுத்து வர்றவர் ஈ.பி. காரரா இருக்க மாட்டார்."

துணியைப் பிழிந்து உதறினார். நெடுநேரம் வண்டியின் ஒரே இடத்தைத் துடைத்தார்.

"எம்மாம் பெருசு?"

"ரெண்டடிக்கு ஒரு அடி."

"செவப்பு வேணாம். எதிர் வூட்டுக்காரன் கட்சி ஆபீஸுன்னு சொல்லிகினு திரிவான். நீலம் போடு."

புதன்கிழமை மத்தியானம் நீலத்தில் போர்டு ஏறியது. தினேஷ் டிரில்லரை வாடகைக்கு எடுத்து வந்தான். மும்பைக்குப் புதுப் போட்டோ அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்விதான். கணக்கு திறந்தபோது ஃபைலில் போர்டு இருக்கிறது. சரிபார்க்கப் போனபோது இல்லை. இப்போது வேறு போர்டு இருக்கிறது. இது எப்படி என்று கிளையும் வாடிக்கையாளரும் கையெழுத்திட்டு விளக்கம் தர வேண்டும்.

நான் ஒரு பக்கம் எழுதினேன். தாளை அச்சடித்து ஒட்டி, போட்டோ எடுத்து, கிழித்துவிட்டேன், செய்தது நான், வாடிக்கையாளர் நான் சொன்னபடி நின்றார்கள் என்று. சடகோபன் சாரிடம் கொடுத்தேன். கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பென்சிலை எடுத்து, என் வரிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் எழுதினார்: 'முந்தைய பெயர்ப்பலகை பலத்த காற்றில் கழன்று விழுந்துவிட்டது.'

"இதை டைப் பண்ணு. நாளைக்குக் காலையில முடக்கத்தை எடுத்துடுவாங்க" என்றார். "நீ எழுதினதை அனுப்பினா அது விசாரணைப் பிரிவுக்குப் போகும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. உன் ஃபைல்ல ஒரு எச்சரிக்கை ஏறும். அடுத்த பதவி உயர்வு போயிடும். இந்த ரோட்டுல தாள் ஒட்டாத பேங்க் எதும்மா? நீ மட்டும் எதுக்கு மாட்டிக்கணும்?"

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

தாளோடு என் மேசைக்கு வந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப உட்கார்ந்தேன். காற்று என்று எழுதினால் கீழே தினேஷும் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என் ஃபைலில் இருக்காது, அவர்கள் ஃபைலில் இருக்கும். இன்னொரு தவணை வரும்போது இன்னொரு ஆள் போவார். ஏகாம்பரம் வாசலில் நின்று, 'காத்தா? எப்ப அடிச்சது?' என்பார். அப்போது நான் எந்த ஊர்க் கிளையில் இருப்பேனோ. இதையெல்லாம் யோசித்தேன் என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் இருந்தது. வீட்டில் முதலாவதாகப் படித்தவள் கையெழுத்துப் போட்டால் அது சரியாக இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதம். எது எவ்வளவு பங்கு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அவர் அறைக்குத் திரும்பிப் போனேன். "ரப்பர் குடுங்க சார்" என்றேன்.

பென்சிலை நீட்டினார். அவர் எதிரிலேயே அந்த வரியை அழித்தேன். துகளை ஊதிவிட்டுத் தாளை வைத்தேன். கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மட்டும் நேராகப் பேனாவால். பிறகு தினேஷ் வந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டான்; அழித்த வரியைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை.

வியாழன் முழுக்கப் பதில் இல்லை. வெள்ளி காலையும் இல்லை. சிவப்பு வரி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து என் சுட்டுவிரல் வலித்தது. வாடிக்கையாளர்களிடம் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திரையைத் திறந்தேன். பன்னிரண்டு மணிக்கு வெளியே போய் ரயில் நிலையப் படிக்கட்டு வரை நடந்து திரும்பினேன். வெயிலில் தலை சுற்றியது. நாலு இருபதுக்கு அந்த வரி காணாமல் போனது. கத்தப் பார்த்தேன். தினேஷுக்குப் போன் போட்டேன்.

"எடுத்துட்டாங்க! இப்பவே எடுக்கலாம்!"

"அஃப்ரின் பதினோரு மணிக்கே மெயில் போட்டுட்டாக்கா. வேலைக்கு வர்றேன்னு."

மறுநாள் சனிக்கிழமை அவள் கிளைக்கு வந்தாள், கையெழுத்து அதிகாரத்திலிருந்து தன் பெயரை எடுக்க. படிவத்தை நீட்டினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், பென்சில் வரியையும் சேர்த்து. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவள் படிவத்தை நிரப்பி முடித்துப் பேனாவை மூடினாள். "காத்துன்னு எழுதியிருந்தா வியாழக்கிழமையே வந்திருக்கும், இல்லையா?"

"வந்திருக்கும்னு சார் சொன்னார்."

"நான் பொய் எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. அது வேற. ஆனா என்னைக் கேட்டிருக்கலாம்."

ஏழு வருட வேலையில் பல பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டறை முதலாளி என் முகத்துக்கு நேரே செக் புக்கை வீசியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியம்தான் நின்றுவிட்டது. கணக்கு திறந்த அன்றும் நான் கேட்கவில்லை, அந்தப் புதன்கிழமையும் கேட்கவில்லை. முதல் தடவை இலக்குக்காக. இரண்டாம் தடவை என் கையெழுத்துக்காக. இரண்டு தடவையும் விலை கொடுத்தது அவள்.

அடுத்த வாரம் தினேஷ் தனியாக வந்தான். "இந்த அக்கவுண்ட்லயே இருக்கறதா, மாத்தறதா?" என்றான். பணம் கட்டுகிற சீட்டு ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பணம் எந்த மாதங்களில் வரும்? எந்த நாணயத்தில்? ஒன்றும் வராத மாதத்தில் கணக்கில் எவ்வளவு விட்டுவைக்க முடியும்? நீ ஊரில் இல்லாதபோது யார் கையெழுத்து? மாதம் எத்தனை பேருக்குப் பணம் போகும்? ஏதாவது சிக்கினால் நேரில் போய் யார் முன்னால் நிற்க முடியும்? அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்தபோது பதில் தாளிலேயே இருந்தது.

"எதிர்த்தாப்ல இருக்கற பேங்க்குக்குப் போ" என்றேன். "நாற்காலி கிழிஞ்சிருக்கும். டோக்கன் மிஷின் வேலை செய்யாது. கணக்கு திறக்கவே மூணு வாரம் இழுப்பாங்க. ஆனா அங்க இருப்பு கம்மியா வெச்சாப் போதும். வெளிநாட்டுப் பணத்தைப் பாக்கற அதிகாரி அதே கட்டடத்துல மாடியில உக்காந்திருக்கார். சிக்கினா படியேறிப் போய்க் கேக்கலாம்."

"உங்களுக்கு ஒரு அக்கவுண்ட் குறையுமேக்கா?"

"குறையட்டும்."

கணக்கை மூடும் படிவம் சடகோபன் சாரிடம் போனது. காரணம் என்ற இடத்தில் தினேஷ் நடந்ததை அப்படியே எழுதியிருந்தான்: 'உங்கள் அதிகாரியின் ஆலோசனைப்படி.' என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"நீ சொன்னது சரியான யோசனைம்மா. நானா இருந்தாலும் எதிர் பேங்க்தான் போயிருப்பேன்." படிவத்தை மேசை மேல் நேராக வைத்தார். "ஆனா இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதைச் சொல்லக் கூடாது. இந்த நாற்காலிக்குச் சம்பளம் குடுக்கறது அதுக்கு இல்ல."

எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவர் சொன்னதுதான் குடைந்துகொண்டே இருந்தது. அவர் சொன்னது நியாயம். அதுதான் தொல்லை. இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். தாள் ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மாடிக் கம்பெனிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். என் எண்ணிக்கை குறைந்தது. மாலை வட்டத்தில் நிற்கும்போது கால் மாற்றி மாற்றி நின்றேன். ஒரு நாள், நின்றபடியே, அந்த ஆலோசனையைச் சொல்ல விடாத நாற்காலிதான் தப்பு என்று தெரிந்தது. மறுநாள் ராஜினாமா கொடுத்தேன்.

அந்த ஆட்டம் எட்டு மாதம் தாமதமாக வெளிவந்தது. வெளிநாட்டுக் கம்பெனி தொகையைக் குறைத்துவிட்டது. அஃப்ரின் ஓ.எம்.ஆர். வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வரைந்து கொடுத்தாள். அதில் மீன் கூடையோடு ஏறுகிற ஒரு பெண் இருக்கிறாள். ஏறினால் இரண்டு சீட்டு பிடிப்பாள், காசும் இரண்டு சீட்டுக்குக் கொடுப்பாள். அம்மாவுக்குப் போனில் காட்டினேன்.

"இன்னாடி இது, நான் எப்ப ரெண்டு சீட்டுக்குக் காசு குடுத்தேன்? கூடைய மடில வெச்சிகினுதான வருவேன். அந்தப் பொண்ண மாத்தி வரையச் சொல்லு."

அஃப்ரினிடம் சொன்னேன். மாற்றிவிட்டாள். அவள் எனக்கு எழுதிய முதல் குறுஞ்செய்தி அதற்குப் பிறகு வந்தது: 'கேட்டுச் சொன்னதுக்கு நன்றிக்கா.'

வினோதினி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த நாலு பேருக்கு எந்தக் கணக்கு என்று எனக்குத் தெரியாது. அவர்களை நான் பார்க்கவில்லை. மேலே எழுதிய கேள்விகளைக் கேள். பதில் உன் வங்கிக்கு வெளியே போனால், அதை நீ சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது அவர்களை என்னிடம் அனுப்பு.

தாம்பரம் கிழக்கில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று பார்த்துச் சொல்கிற வேலை. கட்டணம் அவர்களிடம் மட்டும் வாங்குவேன். எந்த வங்கியிடமிருந்தும் வாங்க மாட்டேன். வீட்டுக்காரரிடம் முதல் நாளே போர்டு பற்றிப் பேசிவிட்டேன். கடைக் கட்டண மீட்டருக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று என் பெயர் எழுதிய தகரப் போர்டை நாலு ஸ்குரூ போட்டு மாட்டியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் முதல் கரண்ட் அக்கவுண்ட்டுக்கான விண்ணப்பமும் நேற்றே கொடுத்தாகிவிட்டது. உன் கிளையில்தான், எல்லாவற்றிலும் சின்ன வகை. எனக்கு வருவது உள்ளூர்ப் பணம், மாதாமாதம், கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு அது போதும். சடகோபன் சார் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நீ போட்டோ எடுக்க வருவாய் அல்லவா? வரும்போது போர்டை ஒரு தடவை இழுத்துப் பார்.